நாற்காலி விமானம்

குனோங் ராபாட், ஈப்போ.
9.3.1975

அன்புள்ள அத்தானுக்கு,

காளியம்மா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. அங்கே நீங்கள் மழையில் நனையாமல், வேளைக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. பிஸ்கட் கம்பெனியிலிருந்து வந்து கால்கூடக் கழுவாமல் பிரித்தேன். நாலு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அதில் மூன்று பக்கம் கடலுக்கு அந்தப் பக்கம் கூச்சிங்கில் வந்து இறங்குகிற போயிங் பிளேனைப் பற்றி. அது சக்கரத்தை எப்படி மடக்குகிறது, மழையில் இறங்கும்போது தண்ணீரை எப்படி வாரி அடிக்கிறது, எல்லாம் படித்தேன். நாலாவது பக்கத்தில்தான் பெண்டாட்டி ஞாபகம் வந்திருக்கிறது. அதுவும் என்ன? 'கம்பெனி டிக்கெட் அனுப்பும், பயப்படாமல் பிளேன் ஏறி வந்துவிடு' என்று.

ரோடு போடுகிற கம்பெனி உங்களை இன்னும் மூன்று வருடம் வைத்துக்கொள்கிறது என்பதும், குடும்பக்காரர்களுக்கு வீடு கொடுக்கிறது என்பதும் சந்தோஷமான செய்திதான். ஃபிட்டர் வேலைக்குப் போன இடத்தில் வீடும் கிடைப்பது லேசா? ஆனால் ஜூன் மாதம் முடிவதற்குள் நான் வந்து சேராவிட்டால் வீட்டை வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. இன்னும் மூன்று வருடம் நீங்கள் அங்கே, நான் இங்கே என்றால், கல்யாணம் எதற்குச் செய்தோம் என்று ஊர் கேட்காதா? ஊர் கேட்கிறதோ இல்லையோ, நான் கேட்பேன்.

கம்பெனி உங்களை அனுப்பியதுபோல ரயிலில் சிங்கப்பூர் போய், அங்கிருந்து கப்பலில் வருகிறேன் என்று போன கடிதத்திலேயே எழுதினேன். தனியாக ஒரு பெண்பிள்ளை சரக்குக் கப்பலில் வரக் கூடாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சரி, நியாயம்தான். அப்படியென்றால் லீவில் வந்து என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போங்கள் என்றேன். அதற்கும் அதே பழைய பதில்தான். லீவு இல்லை, லீவு இல்லை. உங்கள் கம்பெனியில் உங்களுக்கு மட்டும்தான் லீவு இல்லையா?

போன தீபாவளியை நினைத்தால் இன்னும் நெஞ்சு எரிகிறது. வருகிறேன் என்று எழுதினீர்கள். பிளேன் சத்தம் கேட்டாலே காதைப் பொத்துகிற நான், புதுச் சேலை கட்டிக்கொண்டு ஏர்போர்ட் வேலியோரத்தில், தினமும் உங்களோடு பிளேன் பார்த்த கூட்டாளிகளோடு நின்றேன். நம் ஊருக்கு வருகிற ஃபாக்கர் பிளேன் இறங்கியது. ஒவ்வொருவராகப் படியிறங்கி வந்தார்கள். கடைசியாக ஒரு சீனக் கிழவர் இறங்கினார். அதற்குப் பிறகு யாரும் இல்லை. பத்துமலை அண்ணன், 'அடுத்த பிளேன்ல வருவான் தங்கச்சி' என்று சொல்லி என்னை வீட்டுக்கு அழைத்து வந்தார். மறுநாள்தான் தந்தி வந்தது, லீவு கேன்சல் என்று. சுட்டு வைத்த முறுக்கையெல்லாம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள்.

என் பயம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. சுங்கை சிப்புட்டில் எங்கள் எஸ்டேட்டுக்குப் பின்னால் காடு. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அவசரகாலத்தில், கம்யூனிஸ்டுகள் ஒளிந்திருந்த காட்டுக்குள் குண்டு போட வருகிற ஆகாயக் கப்பல் எங்கள் லயத்துக் கூரை மேலாகத்தான் போகும். தகரம் அதிரும். அம்மா என்னையும் தம்பியையும் கட்டிலுக்கு அடியில் தள்ளி, மேலே பாயை இழுத்து மூடுவாள். பாய் குண்டைத் தடுக்குமா என்று கேட்க அப்போது தெரியவில்லை. நீங்களும் அந்தப் பக்கத்து எஸ்டேட்டில் வளர்ந்தவர்தான். ஆனால் நீங்கள் வெளியே ஓடிப்போய் அண்ணாந்து பார்த்துக் கை தட்டிய ஆள். நமக்குள் பொருத்தம் பார்த்த ஐயர் இதையெல்லாம் பார்க்கவில்லை.

இதற்கிடையில் பக்கீர் அண்ணன் கடைக்கும் ஒரு கடிதம் போட்டிருக்கிறீர்கள், எனக்குத் தைரியம் சொல்லச் சொல்லி. இன்று மத்தியானம் ஃபாக்கர் கிளம்பிப் போனதும் உங்கள் கூட்டாளிகள் மூவரும் நேரே இங்கே வந்துவிட்டார்கள். ஏர்போர்ட்டுக்கு எதிரே கோப்பிக்கடை வைத்திருப்பதால் பிளேனைப் பற்றித் தனக்குத்தான் எல்லாம் தெரியும் என்கிற தோரணையில் பக்கீர் முகம்மது அண்ணன் முதலில் வந்தார். பின்னால் பத்துமலை அண்ணன், பஸ் டிரைவர் சட்டையைக்கூடக் கழற்றாமல். சன்னாசி ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து தூங்காமல் சிவந்த கண்ணோடு வந்தான்.

அவர்கள் தைரியம் சொன்ன லட்சணத்தைக் கேளுங்கள். பத்துமலை அண்ணன்தான் ஆரம்பித்தார். 'ஃபாக்கர்ல ரெண்டு இன்ஜின் இருக்கு தங்கச்சி. ஒண்ணு நின்னாலும் இன்னொண்ணுல போலாம்லா' என்றார். நிற்குமா என்று கேட்டேன். 'நிக்காது. நின்னாத்தான் சொல்றேன்' என்றார். உடனே பக்கீர் அண்ணன், 'ரெண்டும் நின்னாத்தான் என்னா? எறக்க மேல இருக்கிற பிளேன், அப்படியே மெதந்து வரும். கம்பார் பக்கம் ஈயம் தோண்டுன குட்டை எத்தன கெடக்கு, ஏதாச்சும் ஒண்ணுல எறக்கிருவான்' என்றார். சன்னாசி அதை ஒத்துக்கொள்ளவில்லை. 'எறக்க மேல இருந்தா ஒடம்பு தண்ணிக்குள்ள முங்கிரும்ணே. போயிங் மாதிரி எறக்க கீழ இருந்தாத்தான் மெதக்கும்' என்று நின்றான்.

பிறகு என்னை மறந்துவிட்டார்கள். கோப்பிக் கிளாஸைக் குட்டையாக வைத்துக்கொண்டு, நான் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பிஸ்கட்டைப் பிளேனாக்கி, மெல்ல இறக்கிப் பார்த்தார்கள். பிஸ்கட் முங்கிப் போனது. 'பிஸ்கட்டு வேற, பிளேன் வேறலா' என்றார் பக்கீர் அண்ணன். மீதி பிஸ்கட்டை நான் எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

போகும்போது மூவருக்கும் உங்கள் பேச்சுதான். சத்தத்தை வைத்தே என்ன பிளேன் என்று சொல்ல உங்களை விட்டால் ஆள் இல்லையாம். 'கேப்டன் இருந்தா இந்தத் தகராறு வந்திருக்காது' என்றான் சன்னாசி. வேலியோரத்தில் நீங்கள் நிற்கிற இடத்தில் இன்னும் யாரும் நிற்பதில்லையாம். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை.

நான் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. தனியாகப் பிளேனில் வரமாட்டேன் என்றுதான் சொல்கிறேன். எப்படியாவது லீவு கேட்டு வாருங்கள். உங்கள் கையைப் பிடித்துக்கொண்டால் ஒருவேளை ஏறிவிடுவேன்.

உங்கள் முகம் பார்க்கக் காத்திருக்கும்,
காளியம்மா


குனோங் ராபாட், ஈப்போ.
20.4.1975

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். இங்கே மூன்று நாளாக மழை. சமையலறைப் பக்கம் மறுபடியும் ஒழுகுகிறது, பாத்திரம் வைத்திருக்கிறேன். சுங்கை சிப்புட்டிலிருந்து தம்பி வந்து போனான். எஸ்டேட்டில் பால் எடுக்கிற கித்தா மரங்களை வெட்டிவிட்டு, எண்ணெய்க்குச் செம்பனை நடப்போகிறார்களாம், அவனுக்கு வேலை இருக்குமா இருக்காதா என்று தெரியவில்லையாம். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். நீங்கள் அவனுக்கு ஒரு வரி எழுதினால் தெம்பாக இருக்கும்.

நீங்கள் அனுப்பிய படம் கிடைத்தது. போயிங்கின் படத்தில் எந்த சீட்டில் உட்கார்ந்தால் ஆட்டம் குறைவு என்று சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறீர்கள். கூச்சிங்கிலிருந்து படம் வந்திருக்கிறது என்று நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் பிஸ்கட் கம்பெனியில் சொல்லிவிட்டேன். கூட வேலை செய்கிற முத்தம்மா பிடுங்கிப் பார்த்துவிட்டு, 'ஒன் வீட்டுக்காரர் ரொம்ப மாறிட்டாருடி, எறக்கையெல்லாம் மொளச்சிருக்கு' என்றாள். பேக்கிங் பகுதி முழுக்கச் சிரிப்பு. நீங்கள் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிற படம் ஒன்று எடுத்து அனுப்பினால் குறைந்தா போய்விடுவீர்கள்?

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் கூட்டாளிகள் அடித்த கூத்தைச் சொல்கிறேன். என்னிடம் பேசிப் பயனில்லை, பழக்கிவிட வேண்டும் என்று கடையில் கூடி முடிவு செய்தார்களாம். பக்கீர் அண்ணன் கடை நாற்காலிகளை வேனில் ஏற்றி வந்து, நம் வீட்டு ஹாலில் இரண்டிரண்டாக வரிசை போட்டார்கள். நடுவில் ஒரு ஆள் போக வழி. பத்துமலை அண்ணன் முன்னால் உட்கார்ந்து பிளேன் ஓட்டினார். பஸ் ஓட்டிப் பழகியவர் அல்லவா, கிளம்புவதற்கு முன் இரண்டு பக்கமும் கண்ணாடி பார்ப்பதுபோலத் திரும்பிப் பார்த்து, 'உள்ள போங்க, உள்ள போங்க' என்றார். பக்கீர் அண்ணன் தட்டில் கோப்பி வைத்துக்கொண்டு, 'மேடம், டீயா கோப்பியா?' என்று இடுப்பை வளைத்து வந்தார். சன்னாசி வாயாலேயே ஃபாக்கர் இன்ஜினைப்போல விசிலடித்தான். அச்சு அசல் அப்படியே இருந்தது.

அடுத்த வீட்டு ரஹ்மத் ஜன்னலில் நின்று வேடிக்கை பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் தாங்க முடியாமல் உள்ளே வந்து என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். பெல்ட் வேண்டுமென்று ஒரு பழைய தாவணியால் என்னை நாற்காலியோடு கட்டினார்கள். பத்துமலை அண்ணன் 'டேக்காஃப்' என்று கத்தியதும் சன்னாசி பின்னாலிருந்து என் நாற்காலியைத் தூக்கிச் சாய்த்தான். நான் போட்ட கூச்சலில் பக்கீர் அண்ணன் கோப்பியைத் தன் மேலேயே கொட்டிக்கொண்டார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. நீங்கள் போனபிறகு நான் அப்படிச் சிரித்தது அன்றைக்குத்தான்.

சிரிப்பு அடங்கியதும் சாதாரணமாகத்தான் கேட்டேன், நிஜமாகவே மேலே கிளம்பும்போது வயிற்றில் எப்படி இருக்கும் என்று. லிஃப்டில் போவதுபோல இருக்கும் என்றார் பத்துமலை அண்ணன். தொட்டிலில் ஆட்டுவதுபோல என்றார் பக்கீர் அண்ணன். 'அண்ணி, ஒண்ணும் தெரியாதுன்னுதான் எல்லாரும் சொல்றாங்க' என்றான் சன்னாசி. சொல்றாங்களா? யார் சொல்கிறார்கள்? உங்களில் யாரும் ஏறியதே இல்லையா என்று நேராகக் கேட்டேன். பக்கீர் அண்ணன் கோப்பித் தட்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

ஒருவரும் ஏறியதில்லையாம், அத்தான். பத்துமலை அண்ணனுக்குச் சந்தர்ப்பம் வரவில்லையாம். பக்கீர் அண்ணன் ஹஜ்ஜுக்குப் போனபோது பிளேனும் இருந்தது, கப்பலும் இருந்தது. 'கப்பல்ல போனா தொழ வசதியா இருக்கும்லா' என்று கப்பலில் போனாராம். சொல்லும்போது தட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தினமும் வேலியில் தொங்கிக்கொண்டு, எந்தப் பிளேன் எத்தனை நிமிஷம் தாமதம் என்று சண்டை போடுகிறவர்கள். எனக்குக் கோபம் வரவில்லை, பாவமாக இருந்தது. சன்னாசிதான் சமாளித்தான். 'நம்ம கேப்டன் வந்தா சரியாச் சொல்லுவாரு அண்ணி' என்றான்.

சரி, சிரித்ததை எழுதிவிட்டேன். மனதில் கிடப்பதையும் எழுதிவிடுகிறேன். கம்பெனியில் பெண்கள் சும்மா இருப்பதில்லை. இரண்டு வருடமாக ஒருத்தன் வீட்டுப் பக்கம் வரவில்லை என்றால் அங்கே ஒருத்தி இருக்கிறாள் என்றுதான் அர்த்தம் என்கிறார்கள். முதலில் சண்டை போட்டேன். இப்போது சண்டை போட வாய் வரவில்லை. குடும்பம் வர வேண்டும் என்று வீடு பார்க்கிற மனுஷன், கூட்டிப்போக மட்டும் ஏன் வர மறுக்கிறார்? நான் வரமாட்டேன் என்று தெரிந்துகொண்டேதான் பிளேனில் வா என்று கூப்பிடுகிறீர்களா? அப்படி யாராவது இருந்தால் ஒரே வார்த்தையில் எழுதிவிடுங்கள். பிளேன் படம் அனுப்பி என்னை விளையாட்டுப் பிள்ளையாக்க வேண்டாம்.

எழுதியதை அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடிக்கவில்லை. நீங்கள் நன்றாக இருக்க வேண்டும். அதில் மட்டும் எனக்கு இரண்டு மனது கிடையாது.

இப்படிக்கு,
காளியம்மா


குனோங் ராபாட், ஈப்போ.
1.6.1975

அன்புள்ள அத்தானுக்கு,

இந்தக் கடிதத்தை உங்களோடு வேலை செய்கிற மாயாண்டியிடமே கொடுத்தனுப்புகிறேன். கையில் வாங்கியதும் அவரைத் திட்டாதீர்கள். முதலில் முழுக்கப் படியுங்கள்.

'மாரியம்மன் மேல் ஆணையாக இங்கே யாரும் இல்லை, வர முடியாததற்குக் காரணத்தை நேரில்தான் சொல்ல முடியும்' என்று நீங்கள் எழுதிய கடிதம் வந்தது. நேரில் வர முடியாததற்கான காரணத்தை நேரில் சொல்கிறேன் என்றால் அதை நான் என்னவென்று எடுத்துக்கொள்வது? நாலைந்து நாள் அதையே திருப்பித் திருப்பிப் படித்தேன். பதில் எழுதவில்லை. கோபத்தில்தான் எழுதவில்லை.

இன்று உங்கள் கூட்டாளிகள் மறுபடியும் நாற்காலி போட்டிருந்தார்கள். ஜூன் பிறந்துவிட்டதே என்று அவர்களுக்கு என்னைவிடக் கவலை. இந்தத் தடவை நாற்காலியைத் தூக்கிச் சாய்க்கக் கூடாது என்ற நிபந்தனையோடு உட்கார்ந்திருந்தேன். அப்போதுதான் மாயாண்டி வந்தார். தெலுக் அன்சனில் வீட்டுக்கு லீவில் வந்தவர், நீங்கள் கொடுத்தனுப்பிய மிளகுப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று பஸ் பிடித்து வந்திருக்கிறார். ஹாலில் வரிசையாக நாற்காலியும், பத்துமலை அண்ணன் முன்னால் உட்கார்ந்து கையை ஆட்டுவதையும் பார்த்து, வீடு மாறி வந்துவிட்டோமோ என்று வாசலிலேயே நின்றுவிட்டார்.

போயிங்கிலும் ஃபாக்கரிலும் ஏறி வந்தவர் என்று தெரிந்ததும் மூவரும் அவரை விடவில்லை. மாப்பிள்ளைக்குக் கிடைக்காத மரியாதை. நடு நாற்காலியில் உட்கார வைத்து ஆளாளுக்குக் கேள்வி. உள்ளே குளிருமா, காது அடைக்குமா, மேகத்துக்குள் போனால் என்ன தெரியும், ஃபாக்கரில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் சக்கரம் மடங்குவது தெரியுமா? அந்த மனுஷன் பாதி நேரம் தூங்கிக்கொண்டு வந்தாராம். அதைக் கேட்டு சன்னாசிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. 'ஃபாக்கர்ல ஏறித் தூங்குனீங்களா அண்ணே!' என்று தலையில் கை வைத்துக்கொண்டான்.

பக்கீர் அண்ணன்தான் உங்களைப் பற்றிப் பெருமையாகச் சொன்னார், இதையெல்லாம் எங்கள் பிச்சைமுத்துவைக் கேட்டால் ஒன்று விடாமல் சொல்வான் என்று. மாயாண்டி வெள்ளந்தியாகச் சிரித்தார். 'அண்ணனா? அவரு எங்க ஏறுனாரு? கம்பெனி எல்லாருக்கும் பிளேன் டிக்கெட்டு குடுத்துச்சு. அவரு மட்டும்தான் மொதத் தடவையே கப்பல்ல வந்தாரு' என்றார். எங்கள் முகத்தைப் பார்த்திருந்தால் அதோடு நிறுத்தியிருப்பார். பார்க்கவில்லை. போன தீபாவளிக் கதையையும் சொல்லி முடித்துவிட்டார்.

நீங்களும் அவரும் ஒன்றாகத்தான் கிளம்பினீர்களாம். பெட்டியெல்லாம் உள்ளே போய்விட்டது. வெயிலில் பிளேன் வரைக்கும் நடந்து போனபோது, வழி நெடுக இன்ஜினைக் காட்டி அவருக்கு விளக்கம் சொல்லிக்கொண்டே போனீர்களாம். படியில் ஒரு காலை வைத்ததும் பேச்சு நின்றுவிட்டது. சட்டை முழுக்க வேர்வை. பின்னால் ஆட்கள் காத்திருக்க, மேலே நின்ற பெண் வாருங்கள் வாருங்கள் என்று கூப்பிட, 'நீ ஏறு மாயாண்டி, நான் ஒரு சாமான மறந்துட்டேன்' என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தீர்களாம். மாயாண்டி ஜன்னல் வழியாகப் பார்த்தாராம். வேலிக்குப் பின்னால் நின்று, பிளேன் மேலே ஏறுகிற வரைக்கும் கையாட்டிக்கொண்டிருந்தீர்களாம். உங்கள் பெட்டி மட்டும், நடுவில் பிளேன் மாறுகிற சுபாங் வரைக்கும் போய்த் திரும்பி வந்ததாம். எனக்கு எடுத்த சேலை அதில்தான் இருந்ததாம்.

மாயாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. 'அக்கா, ஒங்களுக்குத் தெரியாதா?' என்று எழுந்துவிட்டார்.

அத்தான், உங்கள் கூட்டாளிகள் யாரும் சிரிக்கவில்லை. அதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பத்துமலை அண்ணன் பிளேன் ஓட்டுகிற இடத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தார். திரும்பாமலே சொன்னார், 'சான்ஸ் வரலன்னு நான் சொன்னது பொய் தங்கச்சி. யூனியன் கூட்டத்துக்கு டிக்கெட்டு குடுத்தாங்க. காய்ச்சல்னு சொல்லிட்டுப் படுத்துக்கிட்டேன். அந்தப் படி முன்னால நின்னா என் காலும் நின்னுரும்.' பக்கீர் அண்ணன், தொழ வசதி என்று சொன்னதற்கு அல்லாதான் மன்னிக்க வேண்டும் என்றார். இத்தனை ஆசைக்குள் இத்தனை பயம் எப்படி ஒளிந்திருந்தது என்று எனக்கு விளங்கவே இல்லை.

அவர்கள் நாற்காலிகளைக்கூட எடுக்காமல் போய்விட்டார்கள். நான் அந்தப் பிளேனில் தனியாக உட்கார்ந்து அழுதேன். முதலில் கோபத்தில்தான் அழுதேன். உங்களால் ஏற முடியாததில் என்னை ஏறச் சொன்னீர்களே! கட்டிலுக்கு அடியில் ஒளிந்தவளுக்குத் தைரியம் சொல்ல மூன்று பேரை அனுப்பிவிட்டு, அங்கே படியில் கால் வைக்க முடியாமல் நின்றிருக்கிறீர்கள். இருக்கிற ஒருத்தியை, இல்லாத ஒருத்தியைப் பார்த்துப் பொறாமைப்பட வைத்தீர்களே! அவளுக்கு நான் விட்ட சாபம் கொஞ்சமா நஞ்சமா? அவளுக்குச் சப்பை மூக்கு, கோணல் பல் எல்லாம் வைத்து வேறு பார்த்திருந்தேன்.

அப்புறம் அந்த வெயிலில் நீங்கள் திரும்பி நடந்தது கண்ணுக்குள் வந்துவிட்டது. கோபம் நிற்கவில்லை, போய்விட்டது. ஊரெல்லாம் கேப்டன் என்று கூப்பிடுகிற மனுஷன். இங்கே வேலியோரத்தில் கூட்டாளிகளும் நானும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிறோம் என்று உங்களுக்குத் தெரியும். கப்பலில் வந்தாலும், ஏன் பிளேனில் வரவில்லை என்று அத்தனை பேரும் கேட்பார்கள். அதற்கு லீவு இல்லை என்று தந்தி அடிப்பதே மேல் என்று நினைத்திருக்கிறீர்கள். பயம் என்று என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பயத்தைப் பற்றி எனக்குத் தெரியாததா? இந்த ஊரில் அதற்கு என்னைவிட நல்ல ஆள் கிடைக்குமா உங்களுக்கு?

உங்களைத் திட்டிக்கொண்டே ஒன்று யோசித்தேன். நீங்கள் அங்கே பயந்துகொண்டு உட்கார்ந்து, நான் இங்கே பயந்துகொண்டு உட்கார்ந்தால், நடுவில் கடல்தான் இருக்கும். யாராவது ஒருத்தர் கிளம்பித்தான் ஆக வேண்டும். சாயந்தரம் முகத்தைக் கழுவிக்கொண்டு பக்கீர் அண்ணன் கடைக்குப் போனேன். மூவரும் அங்கேதான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார்கள். மாயாண்டி கோப்பியைத் தொடாமல் ஆறவிட்டுக்கொண்டிருந்தார். கம்பெனி அனுப்பிய டிக்கெட்டில் தேதி போடச் சொல்லுங்கள், நான் போகிறேன் என்றேன்.

ஃபாக்கரில் சுபாங் வரைக்கும் யார் துணைக்கு வருவது என்று உடனே பேச்சு எழுந்தது. பக்கீர் அண்ணனுக்குக் கடை. பத்துமலை அண்ணனுக்கு டியூட்டி. மாயாண்டி லீவு முடிந்து இந்த வாரமே திரும்புகிறார். கடைசியில் சன்னாசி, 'நான் வாரேன் அண்ணி' என்றான். சொல்லிவிட்டு நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டான். சுபாங்கில் என்னைப் போயிங்கில் ஏற்றிவிட்டுப் பஸ்ஸில் திரும்புவானாம். இரண்டு பேரும் அவன் தோளைத் தட்டிய தட்டில் அவன் இப்போதே பறந்து போய் இறங்கிவிட்டவன்போல ஆகிவிட்டான். பிஸ்கட் கம்பெனியில் சொல்லிவிடுவேன். வீட்டுச் சாவி ரஹ்மத்திடம் இருக்கும். ஒழுகுகிற இடத்தைத் தம்பி வந்து பார்த்துக்கொள்வான்.

பதினைந்தாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறேன். பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இதை எழுதும்போதே கை வேர்த்து மை பரவுகிறது. வழியில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. இன்ஜினைப் பற்றி மட்டும் யாரும் எனக்கு இனிமேல் விளக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஏர்போர்ட்டில் நான் வெளியே வரும்போது அழுது வீங்கிய முகத்தோடு வந்தால் கண்டுகொள்ளாதீர்கள். உங்கள் முகம் எப்படி இருந்தாலும் நானும் ஒன்றும் கேட்கமாட்டேன்.

இன்னும் ஒன்றே ஒன்று. வருகிற தீபாவளிக்கு நாம் இரண்டு பேரும் ஈப்போவுக்கு வர வேண்டும். அந்தப் படி முன்னால் உங்கள் கால் நின்றுபோனால் நானும் பக்கத்தில் நிற்கிறேன். பின்னால் நிற்கிறவர்கள் சத்தம் போட்டால் அவர்களுக்கு நான் பதில் சொல்கிறேன், என் வாய் உங்களுக்குத் தெரியும். பிளேன் போனால் போகட்டும். அடுத்ததுக்குப் போய் நிற்போம். அதுவும் போனால் அதற்கு அடுத்ததுக்கு நிற்போம். ஏற முடியவே இல்லையென்றால் இரண்டு பேரும் சேர்ந்து கப்பலில் வருவோம், தீபாவளி முடிந்து போய்ச் சேர்ந்தாலும் சரி. நீங்கள் தனியாக மட்டும் திரும்பி நடக்காதீர்கள், அத்தான்.

உங்களிடம் வந்து சேர அம்மன் துணையிருக்க வேண்டும்.

உங்கள்
காளியம்மா